சிங்கப்பூர் எதிர்க்கட்சி ஏன் பத்து சீட்டோடு நிற்கிறது?

வேளிமலைக்காரன் – 5 மே 2025, இரவு 9.40

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை வரை போனும் கையுமாக உட்கார்ந்து சிங்கப்பூர் தேர்தல் முடிவு பார்த்தேன். “அங்க உங்களுக்கு ஓட்டா இருக்கு?” என்று வீட்டில் கேட்டாள். இல்லைதான். 2007 முதல் 2018 வரை துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. பதினொரு வருஷம் சோறு போட்ட ஊர், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

97 இடத்தில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 87. பாட்டாளிக் கட்சிக்கு 10. மற்ற எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்து பூஜ்யம். 2020-லும் இதே 10தான். அப்போதாவது ஆளுங்கட்சி ஓட்டு 61 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இப்போது 65.57க்கு ஏறிவிட்டது. இத்தனைக்கும் போன வருஷம்தான் அமைச்சராக இருந்த ஈஸ்வரன் பரிசுப்பொருள் வாங்கிய வழக்கில் 12 மாதச் சிறைத் தண்டனை வாங்கினார். விலைவாசியும் கூடித்தான் கிடக்கிறது. நம்ம ஊரில் இதில் பாதி நடந்திருந்தால் போதும், ஆளுங்கட்சி வேட்பாளர் தெருவுக்குள் வரமுடியாது.

2011-ல் ஒரு ராத்திரி சிராங்கூன் ஸ்டேடியத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றது ஞாபகம் இருக்கிறது. உள்ளே பாட்டாளிக் கட்சிக் கூட்டம். வெளிநாட்டு ஆள் கலந்துகொள்ளக் கூடாது என்பதால் நாங்கள் மூன்று பேர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றோம். எட்டு பஸ் போனது, நாங்கள் ஏறவில்லை. ஜனம் புல்தரை நிறைந்து ரோட்டுக்கு வழிந்தது. ஆபீஸ் சட்டையோடு வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள், சுத்தியல் சின்னம் போட்ட கொடிகள். யாரும் யாரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை, பிரியாணிப் பொட்டலமும் இல்லை. ஆட்சியே மாறப்போகிறது என்று நான் ரூமில் பந்தயம் கட்டினேன். வந்தது 87-ல் 6. பந்தயத்தில் போனது இருபது வெள்ளி.

1959-லிருந்து ஒரே கட்சி ஆட்சி. மெக்சிகோவில் 71 வருஷம் ஆண்ட கட்சி 2000-ல் போனது. மலேசியாவில் 2018-ல் போனது. இங்கே மட்டும் ஏன் அசையவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏத்தன்குலை – இரவு 9.52

அண்ணாச்சி, அந்த இருபது வெள்ளியை மறக்க முடியாமல்தானே இழை தொடங்கியிருக்கிறீர்கள்.

கோட்டாறு வக்கீல் – இரவு 10.31

பாதி காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1988-ல் குழுத்தொகுதி முறை கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் ஒரே அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். வெற்றியோ தோல்வியோ, அணி முழுக்க ஒரே கதி. சிறுபான்மையினருக்கு இடம் உறுதி என்பது நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் சின்னக் கட்சிக்கு ஒரு நல்ல ஆள் கிடைப்பதே பெரும்பாடு. ஐந்து பேருக்கு எங்கே போவான்?

அப்புறம் டெபாசிட். தலைக்கு 13,500 வெள்ளி. நம்ம பணத்தில் எட்டே முக்கால் லட்சம் பக்கம். ஐவர் தொகுதிக்கு 67,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வராவிட்டால் அத்தனையும் போச்சு. இங்கே பாராளுமன்றத்துக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000. அதனால்தான் நம்ம வாக்கு இயந்திரத்தில் பெயர் நீண்டுகொண்டே போகிறது.

எல்லை வரைவதும் ஒரு கதை. இந்த முறை தொகுதி எல்லை அறிக்கை வந்தது மார்ச் 11. ஓட்டு மே 3. நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய இடம் திடீரென்று பக்கத்துத் தொகுதியில் கிடக்கும். பிரசாரத்துக்கோ ஒன்பது நாள்தான்.

ஜெயரத்தினத்தைத் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், பாட்டாளிக் கட்சித் தலைவர். 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்தார். அதற்கு முன்னால் 1968, 72, 76, 80 என்று நாலு பொதுத்தேர்தலிலும் எல்லா இடமும் ஆளுங்கட்சிக்கே. ஒற்றை ஆள் உள்ளே போய்க் கேள்வி கேட்டார். 1986-ல் கட்சிக் கணக்கு வழக்கில் பதவி போனது. வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். 1988-ல், அப்போது மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்குப் பெரிய அநீதி நடந்ததாகச் சொல்லித் திரும்பச் சேர்த்தது. பதவி திரும்பவில்லை. பிறகு அவதூறு வழக்குகளின் நஷ்டஈடு ஏறி 2001-ல் திவாலானார். தான் எழுதிய புத்தகத்தைத் தெருவில் நின்று விற்றார். 2008-ல் காலமானார். இதைப் பார்த்த பிறகு எந்த வீட்டில் பிள்ளையை எதிர்க்கட்சிக்கு அனுப்புவார்கள்?

பிச்சிவெள்ளை – இரவு 11.05

தோவாளையிலிருந்து எழுதுகிறேன். காலை மூன்று மணிக்குப் பூச்சந்தைக்குப் போகவேண்டும், இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன்.

என் நாத்தனார் குடும்பம் அங்கேயே குடியுரிமை வாங்கி ஹவ்காங்கில் இருக்கிறது. ஹவ்காங் 1991-லிருந்து எதிர்க்கட்சித் தொகுதி, ஒரு தடவைகூட ஆளுங்கட்சி திரும்பப் பிடிக்கவில்லை. நான் முதல் முறை போனபோது நாத்தனாரின் மாமியார் ஏழாவது மாடியில் இருந்தார். பழைய அரசு அடுக்குமாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில்தான் கதவு. மூட்டுவலியோடு அந்த அம்மா காய்கறிப் பையை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏறுவார். ஒரு படி, பை. ஒரு படி, பை. நான் வாங்கப் போனால் விடமாட்டார்.

பக்கத்துத் தொகுதியில் எல்லா மாடிக்கும் லிஃப்ட் வந்துவிட்டதே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டேன். “நாங்க சுத்தியலுக்குப் போட்டோம்ல” என்று சிரித்தார். வீடமைப்பு மேம்பாடு ஆதரவு கொடுக்கும் பகுதிகளுக்குத்தான் முதலில் என்று 1997 தேர்தலில் வெளிப்படையாகவே சொன்னார்களாம். அப்படியும் ஏன் சுத்தியலுக்கே போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மரச்சீனி – 6 மே, காலை 7.15

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நானும் அங்கே ஆறு வருஷம் இருந்தவன்தான். தண்ணீர் வருகிறது, கரண்டு போவதில்லை, ஆபீசில் கையை நீட்டுபவன் இல்லை, பத்தில் எட்டு பேர் அரசு கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். குறை குறைவான இடத்தில் எதிர்க்கட்சி எப்படி வளரும்? இதில் பயம் எங்கே வந்தது?

இன்னொன்று. எதிர்க்கட்சிகள் லட்சணம் என்ன? தெம்பனிஸ் தொகுதியில் நாலு கட்சி நின்றது. பாட்டாளிக் கட்சி 47 சதவீதம் வாங்கித் தோற்றது. கூட நின்ற மற்ற இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு சதவீதம்கூட இல்லை, டெபாசிட் காலி. எதற்கு நின்றார்கள்? நம்ம ஊர் சுயேச்சை மாதிரி பெயர் வரட்டும் என்றா? பாட்டாளிக் கட்சியே கடைசி நேரத்தில் மரீன் பரேட் பக்கம் வேட்பாளர் போடாமல் விட்டதால் அங்கே போட்டியே இல்லாமல் போனது.

பழைய கதையும் அப்படித்தான். 1963-ல் பாரிசான் சோசியாலிஸ் என்ற கட்சிக்கு 51-ல் 13 இடம் இருந்தது. 1966-ல் ராஜினாமா, 1968-ல் தேர்தலையே புறக்கணிப்பு. 58 இடத்தில் 51 இடம் போட்டியின்றிப் போனது. வீட்டைப் பூட்டாமல் போய்விட்டுத் திருடன் வந்தான் என்று அழுதால் எப்படி?

கோட்டாறு வக்கீல் – காலை 8.02

1963 பிப்ரவரியில் அந்தக் கட்சியின் முக்கிய ஆட்கள் உட்பட நூறு பேருக்கு மேல் விசாரணையில்லாமல் பிடித்து உள்ளே போட்டதை விட்டுவிட்டீர்களே. வீட்டுக்காரனையே கூட்டிக்கொண்டு போய்விட்டால் பூட்டுவது யார்? ஆனாலும் புறக்கணிப்பு தப்பு என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இருந்த மேடையை அவர்களே காலி செய்து கொடுத்தார்கள்.

ஏத்தன்குலை – காலை 8.10

மரச்சீனியும் வக்கீலும் ஒத்துப்போன நாள். நிர்வாகி, தேதியைக் குறித்து வையுங்கள்.

பழைய வாத்தியார் – காலை 11.20

மக்களே, நான் சிங்கப்பூர் கண்டதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பழைய கணக்கு வாத்தியார்களில் ஒருவன். போட்ஸ்வானாவில் பதினாறு வருஷம். அந்த நாட்டுக் கதை உங்கள் கேள்விக்கு நேராக ஒரு பதில் சொல்கிறது, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1966-ல் சுதந்திரம். அன்றிலிருந்து போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கட்சி. நல்ல நிர்வாகம்தான். வைரம் கிடைத்தது, அதைக் கொள்ளையடிக்காமல் பள்ளிக்கூடமும் ரோடும் போட்டார்கள், எங்களுக்குச் சம்பளம் தேதி தவறாமல் வந்தது. மரச்சீனி சொல்வது போலத்தான் அங்கேயும் சொல்வார்கள்: குறை எங்கே இருக்கிறது?

எதிர்க்கட்சிக்கு அரசு நிதி கிடையாது. கட்சி ஆபீஸ் என்பது பெரும்பாலும் ஒருவருடைய பிக்கப் வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை ‘ஃப்ரீடம் ஸ்கொயர்’ என்று சொல்லும் பொட்டலில் அந்த வண்டியை நிறுத்தி, மேலே ஒலிபெருக்கி வைத்து, நாற்பது பேருக்குப் பேசுவார்கள். என் பள்ளிக்கு எதிரேயே அப்படி ஒரு பொட்டல். பேட்டரி இறங்கினால் கூட்டம் முடிந்தது. ஒரு நாள் எங்கள் ஆய்வகத்துப் பேட்டரியை இரவல் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. அரசு வேலை, பயம்தான்.

1994-ல் தேசிய முன்னணி என்ற எதிர்க்கட்சி 40-ல் 13 பிடித்தது. அடுத்தது ஆட்சிதான் என்று பேச்சு. 1998-ல் அவர்களுக்குள்ளேயே சண்டை, 13 எம்.பி.யில் 11 பேர் பிரிந்து காங்கிரஸ் கட்சி என்று தொடங்கினார்கள். 1999-ல் ஆளுங்கட்சிக்கு 33, தேசிய முன்னணிக்கு 6, பிரிந்தவர்களுக்கு 1. கணக்கு வாத்தியார் என்பதால் இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2014-ல் ஆளுங்கட்சி வாங்கிய ஓட்டு 47 சதவீதத்துக்கும் கீழே, இடமோ 57-ல் 37. மீதி ஓட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆளுங்கட்சியை ஜெயிக்க வைத்தது பாதி எதிர்க்கட்சிகளே.

பிறகு என்ன நடந்தது? பழைய ஜனாதிபதி இயன் காமா தனக்குப் பின் வந்தவரோடு முட்டிக்கொண்டு கட்சியை விட்டுப் போனார். வைர விலை விழுந்தது. இளைஞர்களுக்கு வேலை இல்லை. 2024 அக்டோபர் 30 தேர்தலில் 58 வருஷம் ஆண்ட கட்சிக்குக் கிடைத்தது 61-ல் 4. நான்கு! எதிர்க்கூட்டணிக்கு 36, அதன் தலைவர் டூமா போகோ ஜனாதிபதி. ஆண்ட கட்சி தோல்வியை ஒத்துக்கொண்டு ஒதுங்கியது, ஒரு கண்ணாடி உடையவில்லை.

என் கணக்கு இது: அங்கே ஆட்சி விழுந்தது எதிர்க்கட்சி பலமானதால் இல்லை. ஆளுங்கட்சி இரண்டாக உடைந்ததும் மடிசீலை காலியானதும் ஒரே நேரத்தில் வந்தது. அந்த நேரம் அந்தப் பிக்கப் வண்டிக்காரர்கள் கடையை மூடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நிர்வாகி – பகல் 12.05

நம்ம கன்னியாகுமரி மாவட்ட வேட்பாளர்கள் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. வாத்தியார் சாரின் பதிவுக்கு நன்றி.

வேளிமலைக்காரன் – இரவு 8.48

சாரே, அந்தப் பேட்டரி விஷயம் மனதில் நிற்கிறது. நானும் பஸ் ஸ்டாப்பில்தானே நின்றேன்.

ஆனால் மலேசியாவை வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அங்கே 2018-ல் திடீரென்று மாறவில்லை. 2008-லேயே பினாங்கு, சிலாங்கூர் உட்பட ஐந்து மாநிலம் எதிர்க்கட்சிகள் கைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பின் ஊர்வலம், தோட்டத்துத் தமிழர்கள் கோலாலம்பூர் ரோட்டில் இறங்கியது, கண்ணீர்ப்புகை எல்லாம் நம்ம ஊர்ப் பத்திரிகையிலும் வந்தது. பினாங்கில் ராமசாமி என்ற தமிழர் துணை முதல்வரானார். பத்து வருஷம் மாநிலத்தை நடத்திக் காட்டினார்கள். குப்பை எடுத்தார்கள், கணக்கு காட்டினார்கள். “இவங்க வந்தா நாடு தாங்குமா” என்று கேட்டவனுக்கு பினாங்கைக் கைகாட்ட முடிந்தது.

சிங்கப்பூரில் மாநிலமே இல்லையே! ஊரே ஒரு நகரம்தான். நம்ம மாவட்டத்தில் பாதி பரப்பும் இல்லை. எதிர்க்கட்சிக்கு நடத்திக் காட்டக் கிடைப்பது நகர மன்றம் மட்டும்: லிஃப்ட் ரிப்பேர், நடைபாதை, குப்பைத் தொட்டி. 2011-ல் பாட்டாளிக் கட்சி பிடித்த அல்ஜுனிட் குழுத்தொகுதியின் நகர மன்றக் கணக்கில் கோளாறு என்று கிளம்பி, வழக்கு வருஷக்கணக்காக ஓடியது. 2015-ல் அந்தத் தொகுதியை 51 சதவீதத்தை ஒட்டித்தான் காப்பாற்றினார்கள். 2020-ல் அதே இடத்தில் 60 பக்கம் வந்தார்கள். ஆக, சனம் அங்கே எதிர்க்கட்சியை அளப்பது பேச்சை வைத்து இல்லை, கணக்கு நோட்டை வைத்து. நான் முதலில் சட்டம்தான் முழுக் காரணம் என்று நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். நடத்திக் காட்ட ஒரு சின்ன இடம் வேண்டும், அது இல்லாததுதான் பெரிய முட்டுக்கட்டை.

கோட்டாறு வக்கீல் – இரவு 9.30

நல்ல பிடி பிடித்தீர்கள். இதை நம்ம நாட்டோடு ஒட்டிப் பாருங்கள். 1952, 57, 62 மூன்று தேர்தலிலும் டெல்லியில் காங்கிரசுக்கு 360-க்கு மேல். மக்களவையில் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் 1969-ல்தான் வந்தார். ஒரே கட்சி நாடு மாதிரிதான் இருந்தது. ஆனால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1957 ஏப்ரலிலேயே கம்யூனிஸ்ட் கட்சியின் இ.எம்.எஸ். முதல்வராகிவிட்டார். 1959-ல் டெல்லி அந்த ஆட்சியைக் கலைத்தது, அது தனி அநியாயம். ஆனால் இன்னொருத்தரும் ஆளலாம் என்று நம்ம தாத்தாக்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார்கள். 1967-ல் தமிழ்நாட்டிலேயே தி.மு.க. வந்தது. மாநிலம் என்ற ஒன்று இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது.

அந்தத் தோற்ற பெரிய கட்சிக்கு ஒதுங்க இடம் கொடுத்ததும் நாம்தான். 1967-ல் விருதுநகரில் தோற்ற காமராஜர், நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி மறைவுக்குப் பிறகு 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் நின்று ஜெயித்தார். 1971-ல் மாநிலம் முழுக்க அலை தி.மு.க. பக்கம். கட்சி பிளந்த பிறகு காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே பாராளுமன்ற இடம் நாகர்கோவில், அதுவும் அவருக்கு.

நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இன்னும் சுவாரசியம். திருவனந்தபுரத்துச் சட்டசபையில் 1954-ல் 12 பேர், அதற்கு மேல் வளர வழியே இல்லை, ஏனென்றால் தமிழர் இருந்த தாலுகாக்கள் அவ்வளவுதான். ஆட்சிக்கு வரவே முடியாத கட்சி. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று: தமிழர் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் கேட்டதில் நம்ம மாவட்டத்தை வாங்கினார்கள், பிறகு பெரிய காங்கிரசோடு கலந்துவிட்டார்கள். பலவீனமான எதிர்க்கட்சி என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கடியப்பட்டணம் கரை – இரவு 10.44

கடலில் இருந்து வந்து இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். நான் கட்சிக்காரன் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் ஆட்கள் ஆழ்கடலில். முதல் வாரம் தேடுவதற்குக் கப்பல் கேட்டு நாயாய் அலைந்தோம். கரையில் பெண்கள் செபமாலையோடு ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் இன்னொரு ஆபீசைக் கைகாட்டினார்கள். பிறகு குழித்துறையில் ரயிலை மறித்து ராத்திரி வரை தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகுதான் முதலமைச்சர் வந்தார். டிசம்பர் 14-ல் ராகுல் காந்தி வந்தார். 19-ல் பிரதமர் வந்தார். யாரும் சும்மா வரவில்லை மக்கா. ஒருத்தன் வந்து நின்று போட்டோ எடுத்துவிட்டால் மற்றவனுக்கு வராமல் இருக்க முடியாது, அதுதான் விஷயம். அந்த 2017-ல் எங்கள் மாவட்டத்து ஆறு எம்.எல்.ஏ.வும் தி.மு.க., காங்கிரஸ், ஒருத்தர்கூட ஆளுங்கட்சி இல்லை. மத்தியில் எம்.பி. பி.ஜே.பி. மூன்று பேரிடமும் சண்டை போட எங்களுக்கு வழி இருந்தது.

போன உயிர் வரவில்லை. ஆனால் ஒரே கட்சிதான் என்றால் தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்கு அடிதான் கிடைத்திருக்கும்.

மரச்சீனி – 7 மே, காலை 6.50

கரைக்காரரே, உங்கள் வலியோடு நான் வாதாடமாட்டேன். ஆனால் மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. 1999 பி.ஜே.பி., 2004 மார்க்சிஸ்ட், 2009 தி.மு.க., 2014 பி.ஜே.பி., 2019 காங்கிரஸ். ஐந்து தேர்தலில் நாலு கட்சியை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி நம்முடையது. தமிழ்நாட்டின் முதல் பி.ஜே.பி. எம்.எல்.ஏ. 1996-ல் பத்மநாபபுரத்தில்தான். போட்டி இதைவிட எங்கே இருக்கும்? களியக்காவிளையிலிருந்து நாலுவழிச் சாலை முடிந்ததா? மார்த்தாண்டத்தில் பாலம் வந்த பிறகும் கீழே நெரிசல் போனதா? சிங்கப்பூர்க்காரன் ஒரே கட்சியை வைத்துக்கொண்டு தரைக்கடியில் ரயில் விட்டான்.

வேளிமலைக்காரன் – காலை 9.15

நாலுவழிச் சாலைக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று அதே தூசியைத்தான் நானும் தின்றேன்.

ஆனால் தம்பி, அந்த ரயிலுக்குக் குழி தோண்டியதில் நம்ம ஆட்களும் உண்டு. அதில் ஒருத்தனுக்குக் கை போய் நஷ்டஈடு இழுபட்டபோது நான் கூடவே அலைந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஓட்டில்லாத ஆளுக்காக ஒரு கேள்வி கேட்க அங்கே யாருக்கும் அவசரமில்லை. ஆளுங்கட்சிக்கும் இல்லை, உண்மையைச் சொன்னால் எதிர்க்கட்சிக்கும் பெரிதாக இல்லை. கடைசியில் தொண்டு நிறுவனத்துக்காரர்கள்தான் வந்தார்கள்.

பாட்டாளிக் கட்சி எதிர்ப்பார்களா மாட்டார்களா என்றே சிலநேரம் சந்தேகம் வரும், அவ்வளவு நிதானம். இந்தத் தடவை 97 இடத்துக்கு 26 பேரைத்தான் நிறுத்தினார்கள். ஆட்சியைப் பிடிக்கப்போகிறோம் என்று சொல்லவே இல்லை. 1991-ல் இன்னொரு எதிர்க்கட்சியின் தலைவர் சியாம் சீ தோங் செய்த தந்திரம் இதற்கு அண்ணன். அப்போது எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே பாதி இடத்துக்கும் குறைவாகவே நின்றன. 81-ல் 41 இடம் ஆளுங்கட்சிக்கு வேட்புமனு நாளிலேயே போய்விட்டது. “அரசாங்கம் அவங்கதான், முடிஞ்சு போச்சு. இனி பயமில்லாம எங்களுக்குப் போடுங்க” என்று கேட்டார்கள். நாலு சீட் வந்தது. இப்படிக் கெஞ்சிக் கேட்டு வாங்கும் எதிர்க்கட்சியை நம்ம ஊரில் யாராவது மதிப்பார்களா?

அதே சியாம் 27 வருஷம் காப்பாற்றிய பொத்தோங் பாசிர், அவர் வேறு தொகுதிக்கு மாறி மனைவியை நிறுத்தியதும் 114 ஓட்டில் போனது. ஒரு ஆளை நம்பிய கடை. ஹவ்காங்கில் ஆள் மாறினார்கள், ஒருமுறை இடைத்தேர்தலே வந்தது, தொகுதி மாறவில்லை. இந்த வித்தியாசம் ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பழைய வாத்தியார் – காலை 10.02

கிளை. அதுதான் பதில் என்று நினைக்கிறேன். 1991-ல் தி.மு.க. சட்டமன்றத்தில் இரண்டே இடம், 1996-ல் 173. அ.தி.மு.க. 1996-ல் நாலு, 2001-ல் ஆட்சி. தோற்ற வருஷங்களிலும் கிளைச் செயலாளர் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து பந்தல் போட்டார்.

ஏத்தன்குலை – காலை 10.09

எங்கள் வார்டில் பந்தலுக்கு இரண்டு கட்சியும் சண்டை போட்டு, தாத்தா வெயிலில் கிடந்தார்.

பிச்சிவெள்ளை – இரவு 9.20

நேற்றே நாத்தனாரிடம் கேட்டுவிட்டேன். லிஃப்ட் இல்லாமல் படியேறிக்கொண்டே ஏன் சுத்தியலுக்குப் போட்டீர்கள் என்று. அவளுக்கும் தெரியவில்லை, மாமியாரிடம் போனைக் கொடுத்தாள். எண்பத்து மூன்று வயது, குரல் கணீரென்று இருக்கிறது.

மாமனார் இறந்தபோது உடலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்களாம். அங்கே அதுதான் வழக்கம், கீழே தூண்களுக்கு நடுவே திறந்தவெளி இருக்கும். முதல் நாள் ராத்திரியே எதிர்க்கட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்து, ஒன்றும் பேசாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்களாம். கட்சி ஆபீஸ் என்று தனி அறை அவர்களுக்குக் கிடையாது, மக்களைச் சந்திப்பதும் அதே கீழ்த்தளத்தில் மடக்கு மேசை போட்டுத்தான். “வாராவாரம் உக்காந்திருப்பான், மழை வந்தா மேசையத் தள்ளிப் போட்டுக்குவான். மனு எழுதிக் குடுப்பான். பாதி நடக்காது. ஆனா உக்காந்திருப்பான்” என்றார்.

சரி, லிஃப்ட்? அதைக் கடைசியில்தான் கேட்டேன். வந்து பல வருஷம் ஆகிவிட்டதாம், எதிர்க்கட்சித் தொகுதிகளுக்கும் தாமதமாகக் கொடுத்தார்களாம். இப்போது ஏழாவது மாடியிலும் நிற்கிறது. ஆனால் பையை இன்னும் யாரையும் தூக்கவிடுவதில்லை என்று நாத்தனார் பின்னாலிருந்து கத்தினாள்.